அரைப் பென்னிச் சிரிப்பு

பிறத்தியாருக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படிப்பது மகா பாவம். இதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை. ஆனால் பிறத்தியாருக்கு வந்த கார்டைப் படிப்பது? இதைப் பற்றி எந்தத் தர்ம சாஸ்திரமும் பேசவில்லை. மனுவின் காலத்தில் தபால்காரர் கிடையாது. ஆகவே ஜனங்கள் தங்களுக்குச் சௌகரியமான ஒரு தீர்ப்பைத் தாங்களே செய்து கொண்டார்கள்: மூடியிருப்பதைத் திறக்கக் கூடாது, திறந்திருப்பதைப் பார்த்தால் குற்றமில்லை. தபால்காரர் படிப்பார், திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் வாங்கிப் படிப்பார், உள்ளே எடுத்துக்கொண்டு போகிற பையன் நடையைத் தாண்டுவதற்குள் படித்துவிடுவான். விலாசதாரர் கைக்கு அது போய்ச் சேரும்போது, அதிலுள்ள சமாசாரம் தெருவில் பாதிப் பேருக்குப் பழசாகியிருக்கும்.

இந்தச் சங்கடத்தைக் கார்டு பிறக்கும்போதே முன்கூட்டி யோசித்தவர்கள் இருந்தார்கள். 1865-ல் ஹைன்ரிக் பான் ஸ்டெபான் என்ற ஜெர்மன் தபால் அதிகாரி, உறை வேண்டாம், திறந்த அட்டை ஒன்றே போதும் என்று யோசனை சொன்னார். மேலதிகாரிகள் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்கள். நாலு வருஷம் கழித்து ஆஸ்திரியாவில் எம்மானுவேல் ஹெர்மான் என்ற பொருளாதாரப் பேராசிரியர் அதே யோசனையைப் பத்திரிகையில் எழுதினார். பேராசிரியருடைய வாதம் வெகு எளிது. இரண்டு வரிச் சேதி சொல்வதற்காக மனிதன் நல்ல காகிதம் எடுத்து, மரியாதை வார்த்தைகள் நாலு எழுதி, மடித்து, உறையிலிட்டு, ஒட்டுகிறானே. இதில் எவ்வளவு காலமும் காசும் வீண்! ஆஸ்திரிய சர்க்கார் இதைக் காதில் போட்டுக்கொண்டது. 1869 அக்டோபர் முதல் தேதி உலகத்தின் முதல் தபால் கார்டு வெளியாயிற்று. மூன்று மாதத்தில் ஏறக்குறைய 30 லட்சம் விற்றுவிட்டது.

அந்த முதல் கார்டில் ஒரு வேடிக்கை உண்டு. அதில் அச்சிட்டிருந்த வாசகங்களில் ஒன்று, எழுதியிருக்கும் விஷயங்களுக்குத் தபால் இலாகா பொறுப்பாளியல்ல என்பது! ஒருவரை ஒருவர் திட்டி எழுதினால் அந்தத் திட்டைச் சுமந்து வந்த பாவம் தன்னைச் சேரக் கூடாது என்று இலாகா முன்ஜாக்கிரதையாகக் கையை அலம்பிக் கொண்டது. தபால் கார்டின் பிற்காலச் சரித்திரத்தைப் பார்க்கும்போது, இந்த ஜாக்கிரதையை அதிகப்படி என்று சொல்ல மனம் வரவில்லை.

இங்கிலாந்தில் சரியாக ஒரு வருஷம் கழித்து, 1870 அக்டோபர் முதல் தேதி, அரைப் பென்னிக் கார்டு வந்தது. முதல் வருஷத்திலேயே 7 கோடிக்கு மேல் எழுதித் தள்ளினார்கள். பெரிய மனிதர்களுக்கு மட்டும் இது கொஞ்சங்கூடப் பிடிக்கவில்லை. சமையற்காரியும் வேலைக்காரனும் எஜமானருடைய சொந்த விஷயத்தைப் படித்துவிட்டு, பிறகு அதையே தட்டில் வைத்துக் கொண்டுவந்து நீட்டுவதா? தவிர, ஒரு பென்னி செலவழித்துக் கடிதம் போட மனமில்லாதவன் கார்டு போடுகிறான் என்றால் அது நம்மை அவமதிப்பதல்லவா?

நம் தேசத்துக்குக் கார்டு வந்து சேர்ந்தது 1879 ஜூலை முதல் தேதி. விலை காலணா. நம்மவர்கள் அவமதிப்பு என்றெல்லாம் நினைக்கவில்லை. 'இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்' என்று ஆரம்பித்து, மாடு கன்று போட்டது முதல் மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனது வரையில் எழுதி, இடம் போதாமல் ஓரத்தில் பக்கவாட்டாகவும், விலாசத்துக்கு மேல் தலைகீழாகவும் எழுதிக் காலணாவுக்கு ஓரணாச் சேதி அனுப்பினார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குங்கூட அது பேசிற்று. மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் சுபம்; மூலை கிழிந்திருந்தால், படித்துக் காட்ட ஆள் வருவதற்கு முன்பே வீட்டில் அழுகை ஆரம்பமாகிவிடும்.

ஆனால் நம்முடைய காலணாக் கார்டு மொட்டைக் கார்டு. படம் கிடையாது. நான் சொல்ல வந்தது படக் கார்டைப் பற்றி.

இங்கிலாந்தில் 1894-ல்தான் தனியார் அச்சிட்ட கார்டில் தபால் தலை ஒட்டி அனுப்பலாம் என்று அனுமதித்தார்கள். அப்போதும் ஒரு பக்கம் முழுதும் விலாசத்துக்கு. எழுத வேண்டியதைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுத வேண்டும். 1902-ல் பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து, பாதி விலாசத்துக்கும் பாதி சேதிக்கும் என்று விதி செய்தார்கள். மறுபக்கம் முழுதும் படத்துக்குக் கிடைத்தது. அவ்வளவுதான், தேசத்துக்கே பைத்தியம் பிடித்தது. முதல் உலக யுத்தத்துக்கு முன்னால் வருஷத்துக்குப் பல கோடிக் கணக்கில் கார்டுகள் பறந்தன. கார்டு ஆல்பம் இல்லாத வரவேற்பறை இல்லை.

அந்த நாளில் லண்டனில் ஒரே தினத்தில் எத்தனையோ தடவை தபால் பட்டுவாடா நடக்கும். காலையில் ஊருக்குள் போட்ட கார்டு மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். ஆகையால் சாயங்காலம் இன்ன ரயிலில் வருகிறேன், கோட்டைக் கொண்டுவர மறந்துவிடாதே, பல்வலி தேவலை என்கிற ரகத்துச் சமாசாரங்களுக்கெல்லாம் கார்டுதான். இன்று கைபேசியில் விரலால் தட்டி அனுப்புகிறோமே, அதே காரியம், அதே அவசரம். காதலர்கள் மட்டும் கொஞ்சம் சிரமப்பட்டார்கள். தபால்காரர் கண்ணுக்குத் தப்ப வேண்டுமல்லவா? சிலர் கண்ணாடியில் பிடித்தால்தான் படிக்க முடியும்படி தலைமாற்றி எழுதினார்கள். சிலர் சுருக்கெழுத்தில் எழுதினார்கள். இன்னும் சிலர் தபால் தலையைச் சாய்த்து ஒட்டினார்கள். வலப்பக்கம் சாய்ந்தால் ஓர் அர்த்தம், இடப்பக்கம் சாய்ந்தால் வேறோர் அர்த்தம். இதில் விசித்திரம் என்னவென்றால், இந்த ரகசிய பாஷைக்கு அகராதியைப் படக் கார்டாகவே அச்சிட்டுக் கடையில் விற்றார்கள். அதைத் தபால்காரரும் வாங்கலாம், பெண்ணின் தகப்பனாரும் வாங்கலாம்!

இந்தப் பைத்தியக் காலத்தில்தான் டொனால்ட் மக்கில் வந்து சேர்ந்தார்.

1875-ல் லண்டனில் பிறந்தவர். நல்ல குடும்பம். பள்ளிக்கூடத்தில் ரக்பி ஆடும்போது காலில் அடிபட்டு, ஒரு பாதத்தையே எடுத்துவிட நேர்ந்தது. தபால் மூலம் சித்திரப் பாடம் படித்தார். கப்பல் கட்டும் கம்பெனி ஒன்றில் படம் வரையும் உத்தியோகம். கோட்டுக்கு மேல் கோடு, அளவுக்கு மேல் அளவு. 1904-ல் ஆஸ்பத்திரியில் கிடந்த மருமகனுக்குத் தைரியம் சொல்வதற்காக ஒரு படம் வரைந்தார். உறைந்துபோன குளத்தில் ஒருவன் கழுத்து வரையில் மாட்டிக்கொண்டு விழிக்கிறான். சீக்கிரம் நீ வெளியே வருவாய் என்று நம்புகிறேன் என்பது வாசகம். யாரோ அதைப் பார்த்துவிட்டு ஒரு கார்டுக் கம்பெனிக்குச் சிபாரிசு செய்தார்கள். சில வருஷத்தில் கப்பலை விட்டுவிட்டு முழுநேரமும் கார்டிலேயே இறங்கிவிட்டார். பிறகு ஐம்பத்தைந்து வருஷத்துக்கு மேல், ஏறக்குறைய 12,000 படங்கள்!

என்ன வரைந்தார்? கடற்கரைக்குப் போன சாதாரண ஜனங்களை வரைந்தார். பஞ்சாலைத் தொழிலாளியும் கடைக் குமாஸ்தாவும் வருஷத்தில் ஒரு வாரம் பிளாக்பூல் முதலிய ஊர்களுக்குக் குடும்பத்தோடு போவார்கள். பாக்கி ஐம்பத்தொரு வாரமும் இந்த ஒரு வாரத்துக்காகச் சீட்டுப் பிடித்துச் சேர்ப்பார்கள். அங்கே போனால் மழை பெய்யும். தங்கும் விடுதிக்கார அம்மாள் இருக்கிறாளே, அவள் ஒரு தனிப் பிறவி. காலைப் பலகாரம் முடிந்ததும் எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவாள். மேஜையிலிருந்த உப்புச் சீசாவைத் தொட்டதற்குக்கூடப் பில்லில் ஒரு வரி சேர்ப்பாள் என்று பிரசித்தி. இதையெல்லாம் மக்கில் வரைந்தார். பீப்பாய் மாதிரி மனைவி, குச்சி மாதிரி புருஷன், மூக்குச் சிவந்த குடிகாரன், பாதிரியார் முன்னால் விபரீதமாகப் பேசிவிடும் குழந்தை, தேனிலவுக்கு வந்து அறையை விட்டு வெளியே வராத தம்பதி, மாமியார். மாமியார் ஹாஸ்யம் நமக்கும் வெகு நாளாகப் பழக்கமானதுதான். ஆனால் அங்கே மாமியாருக்குப் பயப்படுகிறவன் மாப்பிள்ளை!

அவருடைய கார்டுகளில் மிக அதிகமாக விற்றதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மரத்தடியில் ஒரு வாலிபன், கையில் புத்தகம். பக்கத்தில் ஒரு பெண். "உனக்குக் கிப்லிங் பிடிக்குமா?" என்று கேட்கிறான். அவள் வெட்கப்பட்டு, "போங்கள், குறும்பு! நான் ஒருநாளும் கிப்பிள் பண்ணினதே இல்லையே!" என்கிறாள். கிப்லிங் என்பது ஆசிரியர் பெயர் என்று அறியாமல், ஏதோ செய்யத் தகாத காரியம் என்று நினைத்துவிட்டாள், பாவம். இந்த ஒரே கார்டு 60 லட்சம் பிரதி விற்றதாகச் சொல்கிறார்கள். கிப்லிங்கின் எந்தப் புத்தகமாவது அந்த வேகத்தில் விற்றதா என்பது சந்தேகம். இவ்வளவு அச்சடித்தும், மக்கிலுக்குக் கிடைத்தது படத்துக்கு இவ்வளவு என்று பேசிய சொற்பத் தொகைதான். விற்பனையில் ஒரு காசு பங்கு கிடையாது.

தம்முடைய சரக்கை அவர் மூன்று தினுசாகப் பிரித்து வைத்திருந்தாராம்: சாது, நடுத்தரம், காரம். காரம்தான் நன்றாக விற்றது. மனிதரோ பரம சாது. நல்ல உடுப்பு, அடக்கமான பேச்சு, பெரிய மனுஷத் தோரணை. இரண்டு பெண்கள். கேலிக் கார்டுக் கடையைக் கண்டால் அவர்கள் மான் மாதிரி ஓட்டம் பிடிப்பார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். தகப்பனார் செய்யும் தொழிலால்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது வேறு விஷயம்.

1941-ல் லண்டனில் குண்டு மழை ஓய்ந்து சில மாதங்களே ஆகியிருந்த சமயம். அப்போது ஜார்ஜ் ஆர்வெல் 'ஹொரைஸன்' பத்திரிகையில் இந்தக் கார்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பண்டிதர்கள் காலால் தள்ளிவிட்டுப் போகும் வஸ்துவைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, இதில் ஒரு ஜன சமூகத்தின் மனசே இருக்கிறது என்று சொன்னார். ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் ஒரு வீரனும் ஒரு தொந்திக்காரனும் குடியிருக்கிறார்கள்; சர்க்காரும் சமயமும் சேனாபதியும் எப்போதும் வீரனிடமே பேசுகிறார்கள்; தொந்திக்காரனுக்குப் பேச இந்த அரைப் பென்னி மூலையாவது இருக்கட்டும் என்பது அவர் கட்சி. இன்னொன்றும் கவனித்தார்: இந்த ஹாஸ்யமெல்லாம் கல்யாணத்தைப் புனிதமாக நினைக்கும் சமூகத்தில்தான் எடுபடும். தாலிக்கு மதிப்பில்லாத இடத்தில் அசட்டுப் புருஷனைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது? அபாரமான கட்டுரை. ஆனால் டொனால்ட் மக்கில் என்பவர் யார் என்று ஆர்வெலுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. அது ஒரு வியாபாரப் பெயராக இருக்கலாம் என்று எழுதினார்! அறுபத்தாறு வயசு மக்கில் அப்போது சௌக்கியமாகவே இருந்தார்.

ஆர்வெல் சொன்னதை நான் முக்காலே மூணுவீசம் ஒப்புக்கொள்வேன். பாக்கி வீசத்துக்குக் காரணம், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று கிளர்ச்சி நடந்த காலத்தில் வந்த கார்டுகள். ஆண்பிள்ளை இடுப்பில் குழந்தையும் கையில் துடைப்பமுமாகத் தவிக்கிறான். பெண்பிள்ளை கூட்டத்துக்குப் போய்விட்டாள். வாக்குக் கேட்பவள் என்றாலே கோரப் பல்லும் கொக்கரிக்கும் வாயும் உடையவள், கல்யாணமாகாத கிழவி. இப்படிக் கணக்கில்லாமல் வந்தன. அந்தச் சமயத்தில் சிறையில் பட்டினி கிடந்த பெண்களுக்குக் குழாய் வைத்து வலுக்கட்டாயமாக ஆகாரம் செலுத்திக்கொண்டிருந்தார்கள். அதையுங்கூடக் கேலிக் கார்டு ஆக்கினவர்கள் உண்டு. தொந்திக்காரனுக்கு நல்ல மனசு என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. 1918-ல் முப்பது வயசான பெண்களுக்கும், 1928-ல் ஆண்களுக்குச் சமமாக எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. அதே கார்டுகளை இப்போது பார்த்தால், வேடிக்கையாக இருப்பது குழந்தையை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் விழிக்கும் ஆண்பிள்ளையின் முகந்தான்.

முதல் யுத்தத்தின் போது சிப்பாய்களுக்கு ராணுவமே ஒரு கார்டு அச்சடித்துக் கொடுத்தது. படமில்லை. 'நான் சௌக்கியம்', 'ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்', 'உன் கடிதம் கிடைத்தது', 'வெகு நாளாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை' என்று வரிசையாக அச்சிட்டிருக்கும். வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வார்த்தை அதிகம் எழுதினாலும் கார்டு அழிக்கப்படும் என்று எச்சரிக்கை. 'பயமாக இருக்கிறது' என்று ஒரு வரி அதில் இல்லை. பதுங்கு குழியில் முழங்கால் சேற்றில் நின்ற பையன்களுக்கு ஊரிலிருந்து கேலிக் கார்டுகள் போயின. மக்கிலும் நிறைய வரைந்தார். யார்க்ஷயரில் ஹோம்பர்த் என்ற சிறிய ஊரில் பாம்போர்த் கம்பெனியார் வேறு வழியில் போனார்கள். உள்ளூர்ப் பையன்களுக்கும் பெண்களுக்கும் வேஷம் போட்டு, சாளரத்தில் நிலவு, சிப்பாயின் கனவில் காதலி என்று உருக்கமான கார்டுகள் போட்டுத் தேசத்தையே அழ வைத்தார்கள். அதே கம்பெனி பிற்காலத்தில் கேலிக் கார்டில் மக்கிலோடு போட்டி போட்டது.

இத்தனை காலம் சும்மாயிருந்த சட்டம், மக்கிலுக்கு எண்பது வயசு நெருங்கும்போது விழித்துக்கொண்டது. 1950-க்குப் பிறகு ஒழுக்கம் கெட்டுப் போகிறதென்று ஒரு கூக்குரல். கடலோர நகரங்களில் போலீசார் கடை கடையாகப் புகுந்து கார்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். ஆயுதம் 1857-ல் செய்த ஆபாசப் பிரசுரச் சட்டம். ஆபாசம் என்றால் என்ன என்பதற்கு 1868-ல் ஒரு நீதிபதி விளக்கம் சொல்லியிருந்தார்: கெட்டுப் போகக் கூடிய மனசுள்ளவர் கையில் கிடைத்தால் அவரைக் கெடுக்கக் கூடியது எதுவோ அது. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பார்த்தால் எந்தப் புராணம் தப்பும்? தவிர, ஒரு ஊர் மாஜிஸ்திரேட் சிரித்துவிட்டு விட்டுவிடுவார். பத்து மைல் தள்ளி இன்னொரு மாஜிஸ்திரேட் அதே கார்டை நெருப்பிலிடச் சொல்லுவார். கடைக்காரன் எந்தக் கார்டைச் சட்டத்துக்கு உட்பட்டது என்று நம்பி வாங்கி வைப்பான்?

கிளீத்தோர்ப்ஸ் என்ற கடலோர ஊரில் பிடித்த கார்டுகளுக்காக மக்கில் மீதே வழக்குத் தொடர்ந்தார்கள். 1954 ஜூலை 15-ந் தேதி லிங்கன் நகரக் கோர்ட்டில் அந்தக் கிழவர் நின்றார். கூண்டில் நின்றவர் வரைந்தவர்; எதிரே மேஜையில் சாட்சியமாக, கடலோர மிட்டாய்க் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதன் முதலானோர். இந்த மனிதர்களைக் கறுப்பு அங்கி தரித்தவர்கள் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக விசாரித்தார்கள் என்பதை நினைத்தால், மக்கில் அந்தக் காட்சியையே ஒரு கார்டாக வரையாமல் விட்டது நஷ்டம் என்று தோன்றுகிறது. பல படங்களில் தாம் இரட்டை அர்த்தம் எதையும் கருதவே இல்லை என்றும், சிலவற்றில் அப்படி ஓர் அர்த்தம் இருப்பது பிறர் சுட்டிக் காட்டிய பிறகுதான் தமக்குத் தெரிந்தது என்றும் அவர் தரப்பில் எழுதிக் கொடுத்தார். இதை நீங்கள் நம்புகிறீர்களா? நான் நம்பவில்லை. ஆனால் அதை எழுதும்போது அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. கடைசியில் வக்கீல் சொற்படி குற்றத்தை ஒப்புக்கொண்டார். 50 பவுன் அபராதம், செலவு 25 பவுன்.

தொகை பெரிதல்ல. ஆனால் கடைக்காரர்கள் பயந்து ஆர்டர்களை ரத்து செய்தார்கள். சின்னச் சின்னக் கார்டுக் கம்பெனிகள் பல திவாலாயின. படத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவரைத் தண்டித்த தண்டனை, அச்சுக்கோத்தவனையும் கட்டுக் கட்டியவனையும் போய்த் தாக்கியது.

மூன்று வருஷம் கழித்து, 1957-ல், ஆபாசச் சட்டத்தைத் திருத்த வேண்டி பார்லிமெண்டு ஒரு கமிட்டி போட்டது. அதன் முன் மக்கில் சாட்சி சொன்னார். தேசம் முழுதுக்கும் ஒரே தணிக்கை இருந்தாலாவது தேவலை, ஊருக்கு ஊர் ஒரு நியாயம் என்றால் எப்படிப் பிழைப்பது என்பது அவர் முறையீடு. சிரிக்க வைத்தே காலம் கழித்த ஒருவர், என்னைத் தணிக்கை செய்யுங்கள், ஆனால் ஒரே மாதிரியாகச் செய்யுங்கள் என்று கேட்கும் நிலைக்கு வந்தார். 1959-ல் புதிய சட்டம் வந்தது. அவர் தம் பாட்டுக்கு வரைந்துகொண்டே இருந்தார். 1962 அக்டோபர் 13-ந் தேதி, எண்பத்தேழாவது வயசில், காலமானார். கோடிக்கணக்கில் விற்ற படங்களின் கர்த்தா விட்டுப் போன ஆஸ்தி 735 பவுன்.

பிரிட்டிஷ் தபால் இலாகா 1994-ல் படக் கார்டின் நூற்றாண்டைக் கொண்டாடித் தபால் தலைகள் வெளியிட்டது. அவற்றில் ஒன்றில் தொந்தி பெருத்த கனவான் ஒருவர், தொந்திக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் தம் பையனைக் காணாமல் தேடுகிறார். பழைய கேலிக் கார்டு ஒன்றின் சாயலில் போட்டது. வாசகத்தை மட்டும் கொஞ்சம் சாதுவாக மாற்றிவிட்டார்கள். ஒரு மூலையில் ராணியின் தலை. 2010-ல் வைட் தீவிலுள்ள ரைடு என்ற ஊரில் மக்கிலின் பெயரால் ஒரு காட்சிசாலையைத் திறந்தார்கள். லிங்கன் கோர்ட்டில் குற்றவாளியாக நின்ற கார்டுகளைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார்கள். பாட்டிமார் பேரன் பேத்திகளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்து, சீட்டு வாங்கி, உள்ளே போய்ப் பார்த்தார்கள்.